பெர்னாந்தெஸ், பர்னாந்து, பெர்ணாண்டஸ்: ஓர் ஐபீரியக் குடிப்பெயரின் ஈறும் வழியும்

கொச்சி மட்டாஞ்சேரியிலும் அதனை அடுத்த கோட்டைக்கொச்சி, வைப்பின் பகுதிகளிலும் வாழும் இலத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ இந்தியர் ஆகிய இரு சமூகத்தாரிடையேயும் பெர்ணாண்டஸ் என்னும் குடிப்பெயர் பரவலாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதுங்கால் அதன் ஈற்றெழுத்து பெரும்பாலும் 'இசட்' ஆக அமைகிறது. கோவாவிலும் மங்களூரிலும் அதே பெயர் 'எஸ்' ஈற்றுடன் எழுதப்படுகிறது. தூத்துக்குடியிலும் இலங்கையின் மேலைக் கடற்கரையிலும் ஈற்று மெய் நீங்கி, பர்னாந்து என்றும் பெர்னாண்டோ என்றும் நிற்கிறது.

இசட் ஈறு ஸ்பானியத்துக்கும் எஸ் ஈறு போர்த்துக்கீசியத்துக்கும் உரியவை என்பது இன்றைய ஐபீரிய எழுத்துமுறை. இதனைக் கொச்சிக்கு அப்படியே பொருத்தினால், கொச்சிப் பெர்ணாண்டஸ் குடும்பங்கள் ஸ்பானிய வழியின என்ற முடிவு கிடைக்கும். அம்முடிவு பிழையானது. பெயரின் ஓரெழுத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பிறப்பிடத்தை அளக்கும் வழக்கம், வரலாறு எழுதுவோரை மட்டுமன்றிச் சான்றிதழ்களையும் திருச்சபைப் பதிவேடுகளையும் மொழிபெயர்ப்போரையும் இடர்ப்படுத்துவது. ஆதலின் இப்பெயரின் தோற்றத்தையும், அது நம் கடற்கரைக்கு வந்த வழிகளையும், அவ்வழிகளை அதன் ஒலியமைப்பே காட்டிக்கொடுக்கும் பாங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரின் வேர்

பெர்னாந்தெஸ் என்பதன் அடிச்சொல் பெர்னாந்தோ என்னும் இயற்பெயர். இஃது இலத்தீன் பெயரன்று. செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கோத்திய மொழியின் பெயர். 5-ஆம் நூற்றாண்டில் ஐபீரியத் தீவக்குறையில் குடியேறி, 711-இல் அராபியர் படையெடுப்பு நிகழும் வரை அரசாண்ட மேலைக் கோத்தியர் தம் மொழியை விரைவில் இழந்தனர். பெயர்களை மட்டும் விட்டுச் சென்றனர். பெர்னாந்தோவின் பிற்பகுதி துணிவு என்னும் பொருளுடைய சொல் என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முற்பகுதியைச் சிலர் அமைதி அல்லது காவல் என்னும் பொருளுடைய சொல்லாகவும், சிலர் பயணம் என்னும் பொருளுடைய சொல்லாகவும் கொள்வர். 'அமைதி காக்கும் துணிவினன்' என்றோ 'பயணத்தில் துணிந்தவன்' என்றோ இதற்குப் பொருள் கூறும் பெயரகராதிகள் இரு சொற்களை ஒட்டவைத்துப் பொருள் செய்கின்றன. இரு உறுப்புகளை இணைத்துப் பெயரிடுவது கோத்தியர் மரபு. இணைப்புக்கு ஒரு முழுப்பொருள் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

இடைக்கால இலத்தீன் ஆவணங்களில் பிரெதெனாந்துஸ், பெர்தினாந்துஸ், பெர்னாந்துஸ் என்னும் வடிவங்கள் காணப்படுகின்றன. இவற்றிலிருந்து கத்தலான் மொழியில் பெர்ரான், இத்தாலியத்தில் பெர்ராந்தே, செருமன் மொழியில் பெர்டினாண்ட் எனப் பெயர் கிளைத்தது. காஸ்தில்லிய மொழியில் மட்டும் ஒரு சிறப்பான மாற்றம் நிகழ்ந்தது. அம்மொழியில் சொன்முதல் உதட்டுரசொலி மூச்சொலியாகிய ஹகரமாகத் திரிந்து, பின்னர் அதுவும் பெரும்பான்மை வழக்கில் மறைந்தது. இதனால் பெர்னாந்தோ என்பதன் இணையாக எர்னாந்தோ என்னும் வடிவமும், பெர்னாந்தெஸ் என்பதன் இணையாக எர்னாந்தெஸ் என்னும் குடிப்பெயரும் தோன்றின. இன்று ஸ்பானிய உலகில் இவை இரண்டும் தனித்தனிக் குடிப்பெயர்களாகவே எண்ணப்படுகின்றன. பேச்சில் மறைந்த ஹகரம் எழுத்தில் நின்றுவிட்டமையால் ஆங்கிலவழி பயில்வோர் பின்னதை 'ஹெர்னாண்டஸ்' என எழுதுகின்றனர். தமிழில் பகரம் ஹகரமாகத் திரிவதில்லையெனினும், பழங்கன்னடப் பகரம் பிற்கன்னடத்தில் ஹகரமானதைத் திராவிட மொழியியலார் நன்கறிவர். தமிழ்ப் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆயிற்று. காஸ்தில்லியத் திரிபும் அவ்வகையினதே.

மகன்பெயர் ஈறு

பெர்னாந்தோ என்பதோடு சேர்ந்த 'எஸ்' என்னும் ஈறு 'இன்னாரின் மகன்' என்னும் பொருள் தருவது. ரொத்ரீகோவின் மகன் ரொத்ரீகெஸ், கொன்சாலோவின் மகன் கொன்சாலெஸ், பேத்ரோவின் மகன் பேரெஸ், மார்த்தீனின் மகன் மார்த்தீனெஸ், லோப்பேயின் மகன் லோப்பெஸ். ஸ்பெயினில் மிகுதியாக வழங்கும் குடிப்பெயர்களுள் கார்சியா நீங்கலாக ஏனையவற்றுட் பெரும்பாலானவை இவ்வகையின. ஈற்றின் பிறப்பை இலத்தீன் ஆறாம் வேற்றுமை உருபிற் காண்போர் உண்டு. உரோமருக்கு முற்பட்ட, பாஸ்க்கு மொழியோடு உறவுடைய ஓர் ஒட்டிற் காண்போரும் உண்டு. இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் நோக்கிற்கு இன்றியமையாதது, இவ்வீறு ஒரு காலத்தில் உயிருள்ள ஈறாக இருந்தது என்பதே. காஸ்தில் நாட்டுக் கோமான்களின் வழிமுறை இதற்குத் தெளிவான சான்று. கொன்சாலோ பெர்னாந்தெஸ் என்பவரின் மகன் பெர்னான் கொன்சாலெஸ். இவர் 970-இல் இறந்தார். இவருடைய மகன் கார்சியா பெர்னாந்தெஸ். அவருடைய மகன் சாஞ்சோ கார்சியா. நான்கு தலைமுறையிலும் இரண்டாம் பெயர் மாறிக்கொண்டே வருவதைக் காண்க. இங்கே பெர்னாந்தெஸ் என்பது குடிப்பெயரன்று. தந்தை பெயரைச் சுட்டும் அடையே. ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் இவ்வடை படிப்படியாக உறைந்து, தந்தையின் பெயர் எதுவாயினும் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து செல்லும் குடிப்பெயராயிற்று.

தமிழ் வாசகருக்கு இதனை விளக்க நெடிய உரை வேண்டா. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடும் நம் வழக்கும் தலைமுறைதோறும் மாறுவதுதான். சங்கப் புலவர் பெயர்களுள் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றாற்போல மகன் முறை வெளிப்படக் கூறப்பட்டது. தொல்காப்பியம் எழுத்ததிகாரம் இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. சாத்தன் என்னும் இயற்பெயரோடு கொற்றன் என்னும் இயற்பெயர் மகன் முறைமை தொகப் புணரும்போது சாத்தங்கொற்றன் என அம்முச்சாரியை பெற்று வரும் என உரையாசிரியர் காட்டுவர். சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் என்பது அதன் விரி. ஐபீரிய மொழிகள் தந்தை பெயரைப் பின்னே வைத்து ஒட்டுச் சேர்த்தன. தமிழ் முன்னே வைத்துச் சாரியை சேர்த்தது. தமிழ் மற்றொரு வழியையும் அறிந்திருந்தது. ஆதன் தந்தை என்பது ஆந்தை எனவும், பூதன் தந்தை என்பது பூந்தை எனவும் மருவும். பிசிராந்தையாரின் பெயரில் உள்ள ஆந்தை இத்தகையதே என்பது மரபுரை. மகனைக் கொண்டு தந்தைக்குப் பெயரிடும் இம்முறை ஐபீரிய மொழிகளில் குடிப்பெயராக வேரூன்றவில்லை, அராபியரிடம் உண்டு.

ஒரு வேறுபாட்டை மட்டும் குறிக்க வேண்டும். தமிழில் மகன்முறைத் தொடர் உறைந்து குடிப்பெயராகவில்லை. ஆதலின் நம் நாட்டில் உறைந்த நிலையில் வந்து சேர்ந்த பெர்னாந்தெஸ் என்பதில் 'மகன்' என்னும் பொருள் கேட்போர் எவர்க்கும் புலப்படுவதில்லை. பெயர் பொருளிழந்த பின்னரே கப்பலேறியது.

இசட்டும் எஸ்ஸும்

போர்த்துக்கீசியமும் காஸ்தில்லியமும் மகன்பெயர் ஈற்றைப் பொதுவாகப் பெற்றவை. இடைக்காலப் போர்த்துக்கீசிய ஆவணங்களில் இவ்வீறு இசட் எழுத்தாலேயே எழுதப்பட்டது. ஈற்றயலில் அழுத்தம் பெறும் இச்சொற்களின் இறுதியசை மெலிந்தொலித்தமையால் இசட், எஸ் ஆகிய இரு ஒலிகளுக்கும் சொல்லிறுதியில் வேறுபாடு நீங்கியது. எழுத்தர் இரண்டையும் மாறி மாறி எழுதலாயினர். ரொத்ரீகெஸ் என்பதைச் சுருக்கி 'ரோயிஸ்' என இசட் ஈற்றுடன் எழுதும் வழக்கம் போர்த்துக்கீசிய ஏடுகளில் நெடுங்காலம் நிலவியது. எஸ் ஈறு பையப் பைய மேலோங்கியது. 1911-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் அதுவே முறையாயிற்று. ஸ்பானியமோ இசட் ஈற்றை விடவேயில்லை.

இதற்கு நம்மவர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. தமிழ் அச்சின் தந்தை எனப் போற்றப்படும் என்ரீக்கே என்ரீக்கெஸ் பாதிரியார் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவில் 1520-இல் பிறந்தவர். யூதக் குடிவழியினர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்து, பின்னர் இயேசு சபையில் சேர்ந்தவர். முழுப் போர்த்துக்கீசியராகிய இவரது பெயர் அக்கால ஆவணங்களில் 'அன்ரீக்கே அன்ரீக்கெஸ்' என இசட் ஈற்றுடன் காணப்படுகிறது. இன்று நாம் எஸ் ஈற்றுடன் எழுதுவது பிற்கால முறை. இவர் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும், அடுத்த ஆண்டு கொச்சியிலேயே அச்சிட்ட கிரிசித்தியானி வணக்கமும் தமிழ் நூல்கள். இசட் ஈறு ஸ்பானியத்தின் முத்திரை எனின் இவரையும் ஸ்பானியராக்க நேரும்.

கொச்சியின் வரலாறும் இதற்கே இயைகிறது. இந்நகரில் அறியப்படும் முதற் பெர்னாந்தெஸ், வாஸ்கோ த காமாவின் இரண்டாம் பயணத்திற்குப் பின் கொச்சிப் பண்டகசாலைத் தலைவராக அமர்த்தப்பட்ட தியோகோ பெர்னாந்தெஸ் கொர்ரெயா. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் படைகள் கொச்சியை முற்றுகையிட்ட காலத்தில் இவர் இங்கிருந்தார். 1503 முதல் 1663 வரை கொச்சி போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. இவ்விடைக்காலத்தில் 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னரே போர்த்துக்கல்லுக்கும் மன்னராக இருந்தார் என்பதைக் கொண்டு ஸ்பானியர் வரவை நிறுவ முயல்வது பொருந்தாது. முடி ஒன்றாயினும் கீழைநாட்டு ஆட்சியும் வாணிகமும் திருச்சபை உரிமையும் போர்த்துக்கீசியரிடமே இருந்தன.

கோவா 1961 வரை போர்த்துக்கலுடன் தொடர்ந்து இணைந்திருந்தமையால் அங்குள்ள எழுத்துமுறை தாய்நாட்டு மாற்றத்தைப் பின்பற்றியது. மங்களூர்க் கத்தோலிக்கர் கோவாவிலிருந்து குடிபெயர்ந்தோர். அவர்களும் எஸ் ஈற்றையே எழுதுகின்றனர். கொச்சி 1663-இல் ஒல்லாந்தரிடமும், 1795-இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. லிஸ்பனின் எழுத்துச் சீர்திருத்தங்கள் இங்கு எட்டவில்லை. பழைய ஈறு பழமையினாலேயே இங்குத் தங்கியது என்று கொள்வதே எளிய விளக்கம். மையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஓரப்பகுதிகள் பழவடிவைப் போற்றி வைத்தல் மொழியியலில் புதிய செய்தியன்று. இதே கொச்சியில் போர்த்துக்கீசியக் கலப்புமொழியொன்றும் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அதனைச் சரளமாகப் பேசிய இறுதி மனிதராக அறியப்பட்ட வைப்பின் வில்லியம் ரொசாரியோ 2010-இல் மறைந்தார்.

நாவழி வந்ததும் ஏட்டுவழி வந்ததும்

இப்பெயரின் தமிழ் வடிவங்களை ஆராய்ந்தால், எழுத்து வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைக்கிறது. பர்னாந்து, பெர்ணாண்டஸ் என்னும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க. முன்னதில் பல்லொலியாகிய ந்த் உள்ளது. பின்னதில் வளைநாவொலியாகிய ண்ட் உள்ளது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று.

போர்த்துக்கீசியத் தகர, தகரமெல்லொலிகள் நாநுனி பல்லைத் தொட்டுப் பிறப்பவை. ஆங்கிலத்தில் அவை பல்லின் மேலண்ணப் புடைப்பைத் தொட்டுப் பிறப்பவை. தமிழ்ச் செவி முன்னதைத் தகரமாகவும் பின்னதை டகரமாகவும் கேட்கிறது. போர்த்துக்கீசியக் கடன்சொற்களைக் காண்க: சப்பாத்து, பொத்தான், துவாலை, மேஸ்திரி, கிராதி. இவற்றிலெல்லாம் தகரமே உள்ளது. ஆங்கிலக் கடன்சொற்களைக் காண்க: டிக்கெட், டாக்டர், ரோடு, பாண்டு. இவற்றிலெல்லாம் டகரமே. 'பாண்டு' என்னும் பத்திரப் பெயரில் உள்ள அதே மெய்ம்மயக்கமே போர்த்துக்கீசியப் பெர்னாந்தோவிலும் உள்ளது. எனினும் ஆங்கிலவழி வந்தது ண்டு ஆயிற்று, போர்த்துக்கீசியவழி வந்தது ந்து ஆயிற்று. மலையாளத்திலும் செபமாலையைக் குறிக்கும் கொந்த என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து பல்லொலியுடன் வந்தது.

இரண்டாம் சான்று ஈற்றுயிர். போர்த்துக்கீசியத்தில் அழுத்தம் பெறாத இறுதி ஒகரம் உகரமாகவே ஒலிக்கும். எழுத்தில் சப்பாத்தோ, பேச்சில் சப்பாத்து. தமிழும் சிங்களமும் பேச்சைக் கேட்டுக் கடன்கொண்டவை. ஆதலின் பெர்னாந்தோ என்பது தமிழில் பர்னாந்து ஆயிற்று. சிங்களத்தில் இப்பெயர் இன்றும் 'ப்ரனாந்து' என்றே எழுதப்படுகிறது; முதலசையில் ரகரம் இடம் மாறியிருப்பினும் பல்லொலியும் இறுதி உகரமும் தமிழ் வடிவத்தோடு முற்றும் ஒக்கின்றன. படைவீரனைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகிய 'சொல்தாதுவா' என்பதும் போர்த்துக்கீசிய 'சொல்தாதோ' என்பதன் பேச்சொலியைத் தழுவியதே. ஆங்கிலத்தில் இப்பெயரைப் பெர்னாண்டோ என எழுதும் இலங்கையர், சிங்களத்தில் எழுதும்போது 16-ஆம் நூற்றாண்டின் செவிப்பதிவையே இன்றும் எழுதுகின்றனர்.

எனவே பர்னாந்து நாவழி வந்தது. பெர்ணாண்டஸ், பெர்னாண்டோ ஆகியவை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்ததால் ஏட்டுவழி வந்தவை. கொச்சி மலையாளத்தில் இன்று வழங்கும் பெர்ணாண்டஸ் என்னும் வடிவமும் ண்ட் உடையதாகலின், அது போர்த்துக்கீசியர் காலத்து ஒலிப்பின் நேர்வழித் தொடர்ச்சியெனக் கொள்ளுதல் அரிது. ஆங்கில ஆட்சிக்காலத்து ஏடுகளின் தாக்கமே அதில் மிகுதி. அப்பெயருடையோர் அதற்கு முன் அங்கில்லை என்பது இதன் பொருளன்று. எழுத்து பழையதாக, ஒலி புதியதாக ஒரே பெயரில் அமைந்திருக்கிறது.

இவ்வாய்பாட்டுக்கு ஒரு மாறுபாடு போலத் தோன்றுவதையும் சொல்லியாக வேண்டும். தம்பிரான் வணக்கத்தின் முகப்பில் என்ரீக்கெஸ் பாதிரியாரின் பெயர் அண்டிறீக்கி எனக் காணப்படுகிறது. போர்த்துக்கீசியவழி வந்த பெயரில் ண்ட் இருப்பது எங்ஙனம்? மூலப்பெயரில் தகரமே இல்லை. நகர மெய்யை அடுத்து ரகரம் வருகையில் இடையில் தோன்றும் ஒலித்துணையே இந்த டகரம். தமிழில் 'ன்ற' என்பதை ஒலிக்குங்கால் எழும் இடையொலியோடு இதனை ஒப்பிடலாம். ஆதலின் இது விதியை முறிக்கவில்லை.

பெர்னாந்தோ ஏன் குடிப்பெயராயிற்று?

ஐபீரியாவில் பெர்னாந்தோ இயற்பெயர், பெர்னாந்தெஸ் குடிப்பெயர். முத்துக்குளித்துறையிலும் இலங்கையிலும் மட்டும் பெர்னாந்தோவே குடிப்பெயராக இருப்பதற்குக் காரணம் என்ன? ஈற்றுச் சகரத்தை நம்மவர் நா விழுங்கிவிட்டது என்பார் கூற்று ஆய்வுக்கு நிற்பதில்லை. போர்த்துக்கீசியப் பீரெஸ் என்பது சிங்களத்தில் பீரிஸ் எனவும், கோமெஸ் என்பது தமிழ்க் கடற்கரையில் கோமஸ் எனவும் ஈற்றுச் சகரத்தோடேயே நிற்கின்றன. அதே சூழலில் பெர்னாந்தெஸ் மட்டும் ஈறு கெட்டு உகரமாயிற்று என்பதற்கு ஏதுவில்லை. மேலும் இலங்கையில் ரொத்ரீகோ என்னும் இயற்பெயரும் அவ்வாறே குடிப்பெயராக வழங்குகிறது. ஆதலின் குடிப்பெயராக வந்தது பெர்னாந்தோ என்னும் இயற்பெயரே.

அது வந்த இடம் திருமுழுக்குத் தொட்டி. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர், கள்ளிக்கோட்டைக் குதிரை வணிகரும் கிறித்தவருமான ஜொவாம் த குரூஸ் என்பவரின் அறிவுரைப்படி, போர்த்துக்கீசியரின் காவலை நாடித் தம் தலைவர்களைக் கொச்சிக்கே அனுப்பினர். அத்தலைவர்கள் கொச்சியில் திருமுழுக்குப் பெற்றனர். தொடர்ந்து அங்கிருந்து சென்ற குருக்கள் கடற்கரை ஊர்களில் பல்லாயிரவர்க்குத் திருமுழுக்களித்தனர். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வருமுன்னரே இது நிகழ்ந்தது. திருமுழுக்கில் ஒருவர் பெற்ற கிறித்தவப் பெயர், குடிப்பெயர் மரபில்லாத சமூகத்தில் பிள்ளைகளுக்கும் தொடர்ந்தபோது குடிப்பெயராக உறைந்தது என்பதே என் கருத்து. தமிழர் தலைப்பெழுத்து முறையும் இதற்குத் துணைசெய்திருக்கலாம்: தந்தை பெயர் மகன் பெயரோடு சேர்ந்தே வழங்கும் நாட்டில், அது மூன்றாம் தலைமுறையிலும் விடாது நின்றுவிட்டால் குடிப்பெயராகிவிடும். தூத்துக்குடிப் பெயர் ஒன்று கொச்சித் துறையில் தொடங்கியிருக்கும் வாய்ப்பு இதனால் எண்ணத்தக்கது.

சேவியர் என்னும் பெயரின் கதை இதற்கு நேர்மாறானது. நவார்ரா நாட்டில் ஒரு கோட்டையின் பெயர் அது. 'புதுவீடு' என்னும் பொருளுடைய பாஸ்க்குத் தொடரின் மரூஉ. இடப்பெயர் குடிப்பெயராகி, புனிதரின் புகழால் உலகெங்கும் இயற்பெயராயிற்று. கேரளத்தில் சேவியர், தமிழகத்தில் சவேரியார், சவரிமுத்து. இயற்பெயர் குடிப்பெயராயிற்று ஒருபுறம். குடிப்பெயர் இயற்பெயராயிற்று மறுபுறம். இரண்டும் ஒரே கடற்கரையில், ஒரே நூற்றாண்டில் தொடங்கின.

பெயர் வழங்கியோர்

ஸ்பானிய வரலாற்றில் இப்பெயரினர் எண்ணற்றோர். 'பெருந்தளபதி' எனப்பட்ட கொன்சாலோ பெர்னாந்தெஸ் தெ கோர்தோபா 1515-இல் மறைந்தார். புதிய உலகின் இயற்கை வரலாற்றை எழுதிய கொன்சாலோ பெர்னாந்தெஸ் தெ ஓவியெதோ அவருக்கு இளையவர். 1574-இல் தென்பசிபிக் தீவுகளைக் கண்ட மாலுமி ஹுவான் பெர்னாந்தெஸின் பெயரை அத்தீவுகள் இன்றும் தாங்குகின்றன. 1704 முதல் 1709 வரை அலெக்சாண்டர் செல்கர்க் தனித்து வாழ்ந்ததும், ராபின்சன் குரூசோ கதைக்குத் தூண்டுதலாயிற்று எனக் கருதப்படுவதும் அத்தீவுகளுள் ஒன்றிலேயே. அர்ஜென்டீனாவின் அதிபர்களாக இருந்த கிறிஸ்தினா பெர்னாந்தெஸ், ஆல்பெர்த்தோ பெர்னாந்தெஸ் ஆகியோர் உறவினர் அல்லர். முன்னவரின் பெயரோடு சேரும் கிர்ச்னர் என்பது கணவர் வழியது. நூலடைவில் அவரைப் பெர்னாந்தெஸ் என்னும் பெயரின்கீழ் வைப்பதே ஸ்பானிய முறை.

தமிழாய்வாளர்க்கு நெருங்கியவர் மதுரையில் வாழ்ந்த கொன்சாலோ பெர்னாந்தெஸ் பாதிரியார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் முறையை எதிர்த்தவர் என்ற அளவில் மட்டும் இவரை நினைவுகூர்வது வழக்கம். ஆயின் 1616-இல் இவர் போர்த்துக்கீசியத்தில் எழுதிய சமயச் சடங்குகள் பற்றிய நூல், 1973-இல் அச்சேறியபின், அக்கால மதுரை வாழ்வை அறிய உதவும் ஆவணமாக விளங்குகிறது. எதிரணியில் நின்றவர் என்பதற்காக அதனைப் படியாது விடுவது இழப்பு.

தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து தாமிரபரணி நீரை அந்நகருக்குக் கொணர்ந்த இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து 1869-இல் பிறந்து 1930-இல் மறைந்தவர். இவர் பெயர் தமிழில் பர்னாந்து, ஆங்கிலத்தில் இசட் ஈற்றுப் பெர்னாண்டஸ். ஒரே மனிதருக்கு இரு மொழியில் இரு குடிப்பெயர் அமைந்தமைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. மங்களூரில் பிறந்து 1998-க்குப் பின் நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் எஸ் ஈற்றினர். கேரளச் சட்டமன்றத்தில் ஆங்கிலோ இந்தியர் சார்பில் நியமன உறுப்பினராக 2016 முதல் 2021 வரை இருந்த ஜான் பெர்ணாண்டஸ் இசட் ஈற்றினர். அந்நியமன முறை 2020 சனவரியில் அரசியலமைப்புத் திருத்தத்தால் நீங்கியமையின், கேரளத்தில் அவ்விடத்தில் அமர்ந்த இறுதி உறுப்பினர் அவரே.

மட்டாஞ்சேரியில் ஓர் உண்மையான ஸ்பானியப் பெயர்

கொச்சியில் ஸ்பெயின் நாட்டுத் தொடர்பை வெளிப்படையாகத் தாங்கிய குடிப்பெயர் ஒன்று இருந்தது. அதனைத் தேட வேண்டிய இடம் தேவாலயப் பதிவேடன்று, மட்டாஞ்சேரி யூதத் தெரு. 1568-இல் அங்குப் பரதேசி யூதர் கட்டிய தொழுகைக் கூடத்தை எழுப்பியோருள் ஒருவர் சாமுவேல் காஸ்தியேல் என மரபு கூறும். காஸ்தியேல் என்பது காஸ்தில் நாட்டான் என்னும் பொருளது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் பல நாடுகளிற் சிதறினர். அவர்தம் வழியினருள் சிலர் கொச்சி அரசரிடம் அடைக்கலம் பெற்றனர். காஸ்தியேல் குடும்பத்தார் யூதர் தலைமைப் பதவியையும் வகித்தனர். அப்பதவியின் பெயர் முதலியார் என்பது தமிழர் கருதி மகிழத்தக்கது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து 1686-இல் வந்து இச்சமூகத்தைப் பற்றிப் போர்த்துக்கீசிய மொழியில் குறிப்பு எழுதிய மோசே பெரெய்ரா தெ பைவாவின் பெயரே ஐபீரியப் பெயர்தான். ஸ்பானிய ஈறு போலத் தோன்றும் பெயர் போர்த்துக்கீசியவழி வந்தது. யூதப் பெயராகத் தோன்றுவது ஸ்பெயினைச் சுட்டுகிறது.

மொழிபெயர்ப்பில் செய்யத்தக்கது

ஸ்பானிய மூலத்திலிருந்து நேரே தமிழாக்குவோர் பெர்னாந்தெஸ் என ந்த் இட்டு எழுதுதல் வேண்டும். ஸ்பானிய ஒலி பல்லொலியாகலின் ண்ட் இடுவதற்கு ஆங்கிலப் பழக்கமன்றி வேறு காரணமில்லை. போர்த்துக்கீசியர் கால மாந்தர்க்கும் இதுவே பொருந்தும். இந்திய, இலங்கை மாந்தர் பெயரில் இவ்விதி செல்லாது. அவர்கள் எழுதும் வடிவமே அவர்கள் பெயர். பர்னாந்துவைத் திருத்திப் பெர்னாந்தோ ஆக்குவதும், பெர்ணாண்டஸைத் திருத்திப் பெர்னாந்தெஸ் ஆக்குவதும் மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய செயல்கள் அல்ல.

இடர் மிகுவது திரும்பப் பெயர்க்கும்போதுதான். தமிழ்ப் பத்திரத்தில் உள்ள பர்னாந்து என்பது ஆங்கிலத்தில் பெர்னாண்டோவா, பெர்னாண்டஸா என்பதை அச்சொல்லைக் கொண்டு துணிய இயலாது என்பதற்குக் குரூஸ் பர்னாந்துவே சான்று. சிங்கள 'ப்ரனாந்து' என்பதில் இவ்வையம் எழுவதில்லை. மலையாளப் பெர்ணாண்டஸ் என்பதில் எஸ்ஸும் இசட்டும் வேறுபடுவதில்லை. மங்களூரிலிருந்து கொச்சியில் குடியேறியவர் எஸ் எழுதுபவராக இருக்கலாம். சொத்துரிமை, வாரிசுரிமை பற்றிய ஆவணங்களில் ஈற்றெழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். இன்னும் நுண்ணியது சமூகச் சான்று. அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பிய வமிசத்தால் வரையறுக்கிறது, குடிப்பெயரால் அன்று. கொச்சியில் ஒரே பெர்ணாண்டஸ் என்னும் பெயரை அவ்வமிசத்தாரும் தாங்குகின்றனர், திருமுழுக்கால் பெற்ற மலையாளக் குடும்பத்தாரும் தாங்குகின்றனர். 1849-இல் பிலிப்பைன்சில் ஆளுநர் கிளவேரியா பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பரப்பிக் குடிகளுக்கு ஸ்பானியக் குடிப்பெயர்களைப் பங்கிட்டளித்ததை நினைவிற் கொண்டால், பெயர் வேறு வமிசம் வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆகவே மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாத 'போர்த்துக்கீசிய', 'ஸ்பானிய' என்னும் அடைகளை விளக்கமாகவும் சேர்த்தலாகாது. ஈறு ஐயத்திற்கிடமாயின், திருமுழுக்குப் பதிவேட்டிலோ பள்ளிச் சான்றிதழிலோ உள்ள எழுத்தைப் பார்த்து எழுதி, எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஓரக்குறிப்பில் பதிதல் வேண்டும்.